லவீனா வாசிக்காத வரிகள்

அத்தியாயம் 11

போன கிழமை இரண்டு பெண்களை வீட்டு வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வைத்துவிட்டு நாம் வந்துவிட்டோம். றெஜினா கைத்தொலைபேசி வகுப்புக்குப் போகப் புறப்பட்டு நின்றாள். லவீனா, "நான் இருக்கிறன்தானே மச்சாள் வாசிக்கிறதுக்கு, உங்களுக்கு என்னத்துக்கு உந்த வகுப்பு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் குசினிக்குள் போய்விட்டாள்.

அக்கறையில் வந்த கேள்வி என்றுதான் றெஜினா நினைத்தாள். உண்மையைச் சொன்னால் எழுதிய நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. யாழ்ப்பாணம் குருநகரில் கடலுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கிற வீடு. றெஜினாவுக்கு நாற்பத்து நாலு வயது. கணவன் லெனாட் பிரான்சுக்குப் போய் ஐந்து வருடம். பாரிசில் ஓர் உணவகத்துக் குசினியில் வேலை. பிள்ளைகள் இல்லை. லெனாட்டின் தங்கை லவீனா, கலியாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அண்ணன் மனைவியோடு அதே வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, றெஜினாவின் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. யன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும்.

லெனாட்டுக்கு இது தெரியாது.

அந்த முடிச்சைப் போட்டவள் றெஜினாதான். கண் மங்கத் தொடங்கிய நேரம் அவனுடைய அகதி வழக்கு மேன்முறையீட்டில் கிடந்தது. கேள்விப்பட்டால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து நிற்பான், ஆள் அப்படி. "வழக்கு முடியட்டும். அண்ணைக்கு மூச்சுக் காட்டாதை" என்று லவீனாவிடம் சத்தியம் வாங்கினாள். கமரா பழுது என்று சொல்லி வீடியோ அழைப்பையும் நிற்பாட்டினாள்.

வழக்கு போன வருடமே வென்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. இரக்கப்பட்டு வருவானோ என்று ஒரு பயம். கேள்விப்பட்டும் வராமல் இருப்பானோ என்று அதைவிடப் பெரிய இன்னொரு பயம்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆறாவது வகுப்பு.

யாழ்ப்பாண நகரத்தில் பார்வையில்லாதவர்களின் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமான சின்ன மண்டபம். ஏழு பேர், ஏழு தொலைபேசிகள். சொல்லிக்கொடுப்பவள் குணலட்சுமி. உரும்பிராயில் இருந்து தனியாக பஸ் ஏறி வந்து போகிறவள். பிறவியிலேயே பார்வை இல்லை. வாய் கொஞ்சம் நீளம்.

"தொட்டாச் சொல்லும். ரெண்டு தரம் தட்டினாச் செய்யும்," என்றாள் அவள் வழக்கம்போல. "எல்லாரும் உங்கடை விரலுக்குச் சொல்லி வையுங்கோ. போன கிழமை றெஜினாக்கா பழகிறன் எண்டு கோயில் மூப்பருக்கு மூண்டு தரம் கோல் எடுத்தவா."

"அந்தாள் இஞ்சை ஆரோ சாகக் கிடக்கினம் எண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்திட்டுது," என்றாள் றெஜினா.

மண்டபம் சிரித்தது. 

சங்கதி இவ்வளவுதான். திரையில் விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதைத் தொலைபேசி வாய்விட்டு வாசிக்கும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தினது. கேட்க இலேசாக இருக்கும். முதல் கிழமை றெஜினாவுக்கு அந்தக் குரலோடு சண்டை பிடித்தே களைத்துப்போனது. கேட்காததை எல்லாம் சொல்லும், கேட்டதை விட்டு ஓடும். இப்போது ஒரு மாதிரி இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டார்கள்.

"இண்டைக்கு வட்ஸ்அப்," என்றாள் குணலட்சுமி. "வந்த மெசேச்சுகளை ஒண்டொண்டாத் திறந்து கேக்கப் பழகுவம். றெஜினாக்கா, நீங்கள் ஆற்றை மெசேச்சைத் திறக்கப்போறியள்?"

"என்ரை அவற்றை."

"அப்ப ஹெட்ஃபோனைக் குத்துங்கோ அக்கா. புருசன் பெஞ்சாதிக்கு எழுதினதை வகுப்பு முழுக்கக் கேட்டா அந்த மனுசன் பாவம்."

"அதிலை ஒண்டும் இராது," என்றாள் றெஜினா. "சுகமாம், வேலையாம். அவ்வளவுதான். நான் வீட்டை போய்த் திறக்கிறன்."

இலேசாகச் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் நெஞ்சுக்குள்ளே இரண்டு வருடமாக உறுத்திக்கொண்டிருந்த சொல்.

லெனாட் வாயால் கதைக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான். "சாப்பிட்டியே? மருந்து எடுத்தியே? காத்து எப்பிடி?" மூன்று கேள்வியோடு முடிந்துவிடும். அவனுடைய மனதில் இருப்பது எழுத்தில்தான் வெளியே வரும். காதலித்த காலத்தில் ஒழுங்கையில் கண்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போவான். பின்னேரம் மீன் பொதியோடு ஒரு கடதாசி வந்து சேரும். செதில் ஒட்டிய கடதாசி. அதில் இருந்த வரிகளை வாசித்துவிட்டுத்தான் றெஜினா அவனைக் கட்டினாள். பிரான்சுக்குப் போன பிறகும் அப்படித்தான். இரவு வேலை முடிந்ததும் தமிழில் நீளநீளமாக எழுதி அனுப்புவான். அவள் பாயில் படுத்தபடி இரண்டு தரம் வாசிப்பாள்.

கண் போனதும் அது லவீனாவின் கைக்குப் போனது. "அண்ணை சுகமாம் மச்சாள். வேலை கூடவாம். உங்களைக் கவனமா இருக்கட்டாம்." நாளுக்கு நாள் அந்த மூன்று ஆம். "வேறை ஒண்டும் எழுதேல்லையே?" என்று முதல் முதல் கேட்டுப் பார்த்தாள். "இல்லை மச்சாள்." பிறகு கேட்பதையும், பதிலுக்கு எதையும் எழுதச் சொல்வதையும் விட்டுவிட்டாள். மனுசனுக்கு எழுத்து வற்றிவிட்டது, தூரம் அவனைத் தின்றுவிட்டது என்று நினைத்தாள். பார்வை போனதைக்கூட ஆண்டவர் தந்தது என்று தேற்றிக்கொண்டாள். இதைத் தேற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஒன்றரை. லவீனா சோற்றை மூடிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது, ஒழுங்கை முழுக்கக் கடதாசிக் கொடி கட்டுகிற வேலை. ஒலிபெருக்கிக்காரன் "ஹலோ, ஹலோ, ஒண்டு, ரெண்டு" என்று ஊரைச் சோதித்துக்கொண்டிருந்தான். தென்மேற்கில் இருந்து வீசுகிற சோளகக் காற்று அந்தச் சத்தத்தை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டியது.

றெஜினா சாப்பிட்டாள். அறைக்குள் போய் யன்னலைச் சாத்தினாள். ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் குத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

வட்ஸ்அப்பைக் கண்டுபிடிக்க மூன்று நிமிடம். லெனாட்டின் பெயரைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு. "லெனாட்" என்றது குரல், வானொலியில் செய்தி வாசிக்கிற பெண்ணைப்போல. அவள் இரண்டு தரம் தட்டினாள்.

குணலட்சுமி சொல்லியிருந்தாள், திறந்தால் கடைசியாக எழுதியதுதான் முதலில் நிற்கும், பழையது வேண்டுமென்றால் இடப்பக்கம் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று. அடியில் விரலை வைத்தாள்.

"உங்கள் செய்தி. கையெழுத்து வையுங்கோ. இஞ்சை எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் வரத் தேவையில்லை. புதன்கிழமை, இரவு எட்டு மணி பத்து நிமிடம். வாசிக்கப்பட்டது."

ஆரோ வேறு ஆட்களின் கதையைத் திறந்துவிட்டேன் என்று றெஜினா நினைத்தாள். விரலை மேலே கொண்டுபோனாள். "லெனாட்" என்றது. கீழே கொண்டுவந்தாள். "உங்கள் செய்தி," என்று அந்தப் பெண் மறுபடியும் அடித்துச் சொன்னாள். 

அவள் அப்படி ஒரு செய்தி சொல்லவில்லை. எந்தக் கையெழுத்து என்றே அவளுக்குத் தெரியாது.

இடப்பக்கம் தள்ளினாள்.

"லெனாட். றெஜி, வெள்ளிக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு முதலாளி வாறார். துலூசிலை புதுக் கடை திறக்கினம். அங்கை வேலைக்கு வாறன் எண்டு கையெழுத்து வைச்சனெண்டா அஞ்சு வருசத்துக்கு அசையேலாது. எனக்கு விருப்பமில்லை. வழக்கு முடிஞ்சா நிம்மதி எண்டு நினைச்சன், நிம்மதி உன்னட்டைத்தான் கிடக்குது. வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, எல்லாத்தையும் விட்டிட்டு வாறன். நீ வேண்டாம் எண்டா வைக்கிறன். புதன்கிழமை, பின்னேரம் ஆறு மணி இருபது நிமிடம்."

வெள்ளிக்கிழமை என்றால் இன்றைக்கு. அங்கே மூன்று மணி என்றால் இங்கே ஆறரை.

ஓடிப்போய் யாரையாவது கூப்பிடவேண்டும் என்று இருந்தது. ஆனால் விரல் நிற்கவில்லை. இரண்டு வருடம் பட்டினி கிடந்தவளின் முன்னால் சோற்றுக்கோப்பையை வைத்துவிட்டுப் பொறு என்றால் பொறுப்பாளா.

"லெனாட். இண்டைக்குக் குசினியிலை கணவாய் வெட்டினனான். மை கையிலை பட்டது. நீ ஏசிற மாதிரிக் கிடந்தது. சிரிச்சன். பக்கத்திலை நிண்டவன் என்னைப் பாத்தான்."

"உங்கள் செய்தி. நல்லது."

"லெனாட். இரவு நித்திரை வரேல்லை. நீ முழுகிப்போட்டுக் கிணத்தடியிலை தலை துவட்டிக்கொண்டு நிண்ட மாதிரி ஒரு நினைவு. அதோடை விடியும்வரைக்கும் கிடந்தன். சிவப்பு இதயம். சிவப்பு இதயம். சிவப்பு இதயம்."

"உங்கள் செய்தி. கோவம் இல்லை, வேலை கூட."

"லெனாட். நீ ஏன் எனக்கு ரெண்டு சொல்லிலை பதில் எழுதிறாய்? முந்தி இப்பிடி எழுதமாட்டாய். என்னிலை கோவமே?"

"உங்கள் செய்தி. கவனமாயிருங்கோ."

"லெனாட். கமரா இன்னும் திருத்தேல்லையே? உன்ரை முகத்தைப் பாத்து ரெண்டு வருசமாகுது. ஆரிட்டையெண்டாலும் குடுத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. ஒண்டு காணும்."

செய்தி வாசிக்கிற பெண்ணுக்குக் கணவாயும் ஒன்றுதான், காதலும் ஒன்றுதான். ஒரே குரலில் வாசித்துக்கொண்டே போனாள். மூன்று சிவப்பு இதயத்தையும் ஏதோ சாமான் பட்டியல்போல எண்ணிச் சொன்னபோது றெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. மனுசன் வற்றிப்போகவில்லை. ஒவ்வொரு இரவும் எழுதியிருக்கிறான். எழுதிய இடத்திலெல்லாம் அவளுடைய பெயரில் ஒரு கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

லவீனா ஒன்றையும் அழித்து வைக்கவில்லை. பார்க்கிறதுக்கு ஆள் இல்லாத இடத்தில் யார் ஒளித்து வைப்பார்கள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லவீனா வந்தாள். கையில் கடதாசிக் கொடிக்குப் பூசிய பசை காய்ந்திருந்தது. அறை வாசலுக்கு வந்தவள் றெஜினாவின் மடியில் கிடந்த தொலைபேசியையும் முகத்தையும் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"புதன்கிழமை எட்டுப் பத்துக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தனான் லவீனா?" என்று கேட்டாள் றெஜினா.

லவீனா விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தாள்.

"செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனான். நீ பக்கத்திலை இருந்தனி. அப்பதானே எழுதினனி?"

"ஓம்."

"எவ்வளவு காலமா இப்பிடி?"

லவீனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

"முதல் நாள் முழுக்க வாசிக்கத்தான் பாத்தனான் மச்சாள். சத்தியமா. அண்ணை எழுதியிருந்ததை நான் எப்பிடி என்ரை வாயாலை சொல்லுறது? நான் அவற்றை தங்கச்சி. கிணத்தடி, தலைமயிர் எண்டு... எனக்கு வெக்கமாக் கிடந்தது. சுகமாம் எண்டு சொல்லி முடிச்சிட்டன். கேள்வி கேட்டிருந்தார், அது உங்களுக்குத் தெரியாது. அவர் பாத்துக்கொண்டு இருப்பாரே எண்டு நானே ரெண்டு சொல்லு எழுதினன். பிறகு அதுவே பழகிப்போச்சு."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சொந்த அண்ணன் அவன் மனைவிக்கு எழுதிய அந்தரங்கத்தை அவள் முகத்துக்கு முன்னால் நின்று உரத்து வாசித்துக் காட்ட உங்களில் எத்தனை பேருக்கு நாக்கு வரும் என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள்.

"சரி, அது வெக்கம்," என்றாள் றெஜினா. "புதன்கிழமை எழுதினதும் வெக்கத்திலையே?"

"இல்லை."

"பின்னை?"

"பயத்திலை. அண்ணை வந்தா எல்லாம் தெரிஞ்சுபோகும். என்ரை பெஞ்சாதிக்குக் கண் போகேக்கை நீ என்ன பாத்துக்கொண்டு இருந்தனி எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? நீங்கள் சத்தியம் வாங்கினியள், அதைக் காப்பாத்த வேறை வழி தெரியேல்லை." குரல் இறங்கியது. "அதோடை... அவர் வந்திட்டா எனக்கு இந்த வீட்டிலை என்ன வேலை மச்சாள்? ரெண்டு வருசமா நான்தானே உங்களுக்குக் கண்."

கடைசியாகச் சொன்னது றெஜினாவுக்கு எங்கேயோ போய்க் குத்தியது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"என்ரை பெயரிலை என்ரை மனுசனுக்கு வராதேங்கோ எண்டு எழுத உனக்கு ஆர் உரிமை தந்தது? மருந்தை மாத்தித் தந்திருந்தாலும் பொறுத்திருப்பன். இதை எப்பிடிப் பொறுக்கிறது?"

லவீனா அழுதாள். றெஜினா அவளை அழவிட்டாள். ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை, நேரமும் இல்லை. திரையின் மேல்பக்கத்தைத் தொட்டாள். "நான்கு மணி ஒன்பது நிமிடம்," என்றது.

லெனாட்டை அழைத்தாள். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அழைத்தாள்.

"எடுக்கமாட்டார்," என்றாள் லவீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வேலைக்கை போனைப் பெட்டியிலை போட்டுப் பூட்டிவிடுவினம். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிய அங்கை ரெண்டரையாகும், இஞ்சை ஆறு. அப்பதான் பாப்பார். தாங்கோ, நான் எழுதிறன். நீங்கள் சொல்லச் சொல்ல அப்பிடியே எழுதிறன்."

"வேண்டாம்."

"ஒரு எழுத்தும் மாத்தமாட்டன்."

"வேண்டாம் லவீனா. இதிலை இனி ஒருத்தற்றை கையும் வேண்டாம்."

எழுதுகிற பாடம் வகுப்பில் இன்னும் வரவில்லை. குரலைப் பதிந்து அனுப்புகிற பாடம் வந்திருந்தது. இரண்டு தரம் தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் அழுத்தி வைத்திருக்கவேண்டும். முதல் தரம் விரல் வழுக்கிவிட்டது. தொலைபேசி கிணுங்கியது, போய்விட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு மனைவி கணவனுக்கு அனுப்பிய முதல் சொல், கோயில் ஒலிபெருக்கிக்காரனின் "ஹலோ, ஹலோ, ரெண்டு".

றெஜினா எழுந்து போய் உள்ளறையில் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றாள். தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். விரலை அழுத்தினாள்.

"இஞ்சேருங்கோ, நான்தான். இது என்ரை குரல். எனக்கு ரெண்டு வருசமா ரெண்டு கண்ணும் தெரியாது. சீனியாலை வந்தது. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு சொன்னது நான்தான். நீங்கள் எழுதினதுகளை இண்டைக்குத்தான் என்ரை காதாலை கேட்டனான். எனக்கு அதொண்டும் முந்தித் தெரியாது. புதன்கிழமை வந்த பதில் என்ரை பதில் இல்லை. கையெழுத்து வைக்காதேங்கோ. முதல் என்னோடை கதையுங்கோ."

விரலை எடுத்தாள். கிணுங்கிற்று.

வாங்கோ என்று அவள் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டாள். கண் இல்லை என்று சொன்ன வாயாலேயே வாங்கோ என்று கூப்பிட்டால் அது பிச்சை கேட்பதுபோல இருக்கும் என்று நினைத்தாள். அவளுடைய ஆசையின் அளவு எவ்வளவோ, அந்த வீம்பின் அளவும் அவ்வளவு இருந்தது.

பிறகு காத்திருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தச் செய்தியைத் தொட்டாள். "சேர்ப்பிக்கப்பட்டது," என்றது. லவீனா தேத்தண்ணீர் வைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஆறிப்போனது. எடுத்துக்கொண்டு போனாள். சூடாக்கிக் கொண்டுவந்தாள். ஐந்தரை. "சேர்ப்பிக்கப்பட்டது." ஒழுங்கையில் ஐஸ்பழ வானின் பாட்டுப் போனது. ஆறு மணிக்குத் கோயிலில் திரிகாலச் செபத்துக்கு மணி அடித்தது. லவீனா முழங்காலில் நின்று செபம் சொல்லத் தொடங்கினாள். றெஜினாவுக்குச் செபம் வரவில்லை. ஆறு ஐந்து. "சேர்ப்பிக்கப்பட்டது."

இன்றைக்கென்று வேலை பிந்திவிட்டால்? முதலாளி முந்தி வந்துவிட்டால்? புதன்கிழமைப் பதிலை நம்பிக் கையெழுத்து வைக்க ஒரு பேனை எடுப்பதற்கு எவ்வளவு நேரம்?

ஆறு பன்னிரண்டுக்குத் தொட்டாள்.

"கேட்கப்பட்டது."

றெஜினா எழுந்து நின்றுவிட்டாள். விரலைத் திரையின் தலைப்புக்குக் கொண்டுபோனாள். "லெனாட். எழுதுகிறார்." ஒரு நிமிடம் விட்டுத் தொட்டாள். "லெனாட். எழுதுகிறார்." இன்னொரு தரம். "லெனாட். இணைப்பில் உள்ளார்." எழுதியதை அழித்துவிட்டானோ. எழுதத் தெரிந்த ஒரே மனுசன், அவனுக்கே எழுத்து வரவில்லையோ.

தொலைபேசி கைக்குள் அதிர்ந்தது. "லெனாட். வீடியோ அழைப்பு," என்றது குரல்.

அழைப்பை எடுக்க இரண்டு விரலால் இரண்டு தரம் தட்டினாள். காதுக்குள் குசினிப் புகையை உறிஞ்சுகிற மெசினின் இரைச்சல் கேட்டது. ஆரோ பாத்திரம் போட்டார்கள். பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம், இரைச்சல் குறைந்தது.

"றெஜி."

"ஓம்."

"போனைக் கொஞ்சம் மேலை பிடி. உன்ரை நாடிதான் தெரியுது."

உயர்த்தினாள்.

"கூடிப்போச்சு. கொஞ்சம் பதி. இடப்பக்கம் திருப்பு. ஓம். அப்பிடியே வைச்சிரு."

பார்க்கிறான் என்று றெஜினாவுக்குத் தெரிந்தது. தலையைச் சரிசெய்யவேண்டும்போல இருந்தது, வாயைத் துடைக்கவேண்டும்போல இருந்தது. கை அசைந்தால் படம் விலகிவிடுமே என்று அசையாமல் நின்றாள். அவனுக்கு நரை வந்திருக்குமா, கன்னம் ஒட்டியிருக்குமா, கண் கலங்கியிருக்குமா. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவளுக்கு அவனைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. ஒரே ஒரு தரம் பார்த்தால் போதும் என்று அவள் அப்போது ஏங்கியதை எனக்கு எழுதத் தெரியவில்லை.

"மெலிஞ்சு போனாய்," என்றான் கடைசியில்.

"சீனிதானே."

"புதன்கிழமை எழுதினது ஆர்?"

பின்னால் லவீனாவின் செபம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"லவீனா எழுதினவள். ஒளிக்கச் சொன்னது நான். பேசிறதெண்டா ரெண்டு பேரையும் பேசுங்கோ. பிறகு பேசுங்கோ."

"உனக்கு நான் வேண்டாமாக்கும் எண்டு நினைச்சன்," என்றான் லெனாட். "ரெண்டு வருசமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு வேலைக்குப் போய் வந்தனான்."

அங்கே ஆரோ கதவைத் தட்டினார்கள். வேறு பாசையில் ஓர் ஆண் குரல் அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"முதலாளி வந்திட்டார்," என்றான் லெனாட். "றெஜி, கையெழுத்து வைக்காதேங்கோ எண்டு சொன்னாய். வாங்கோ எண்டு நீ சொல்லேல்லை. நான் ரெண்டு தரம் போட்டுக் கேட்டனான். அது அதிலை இல்லை. இப்ப சொல்லு. நான் வரட்டோ?"

ஐந்து வருடமாக அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பதில் ஒன்று இருந்தது. அது இப்போது உதவவில்லை.

"கண்ணில்லாதவளைப் பாக்கவேணும் எண்டு வரவேண்டாம்," என்றாள். "என்னைப் பாக்க லவீனா இருக்கிறாள். எனக்கு இப்ப போனும் வாசிக்குது. நான் சமாளிப்பன். ஆனா கண் இருக்கேக்கையும் நீங்கள் இல்லாமல் எனக்கு ஏலாமல்தான் இருந்தது. அதுக்காக வாறதெண்டா வாங்கோ."

அங்கே மறுபடியும் கதவு தட்டப்பட்டது. 

"போனை வைச்சிடாதை," என்றான் லெனாட். "நான் கதைச்சு முடியும்வரைக்கும் வைச்சிடாதை. கையிலை பிடிச்சிரு."

கதவு திறந்தது. காலடிச் சத்தம். தொலைபேசியை எங்கேயோ, மேசையில்போல, வைக்கிற சத்தம். ஒரு கதிரை இழுபட்டது. பிறகு இன்னொன்று.

றெஜினா அவன் சொன்ன உயரத்திலேயே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்தது. கொஞ்ச நேரத்தில் நடுங்கத் தொடங்கியது. லவீனா எழுந்து வந்து அந்தக் கைக்குக் கீழே தன்னுடைய கையைக் கொடுத்துத் தாங்கினாள். றெஜினா அதைத் தட்டிவிடவில்லை. ஒரு பக்க ஹெட்ஃபோனைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.

அங்கே கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. முதலாளி ஏதோ கேட்டார். லெனாட் பதில் சொன்னான். பிரெஞ்சில் சொன்னபடியால் இரண்டு பேருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை.